நம் காலடியில் ஒரு குழாய்



2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி 8 மீட்டர் ஆழத்தில் விழுந்து காணாமல் போனார். மீட்புப் படையினர் ஒன்பது நாள் தேடினார்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கியவர்களை, சமையல் எண்ணெயும் குப்பையும் கலந்து இறுகிய கழிவு மறித்தது. அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பதால் தேடுதல் நிறுத்தப்பட்டது.

குழாய் அடைத்தால், சுத்தம் செய்ய ஒரு தொழிலாளி வர வேண்டும். உள்ளே நச்சு வாயு இருக்கலாம். ஆகவே, பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் புட்டியில் சேருங்கள்.

நடைபாதை விரிந்தாலோ தாழ்ந்தாலோ விலகி நின்று டிபிகேஎல்லுக்குச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் 999.

“வயதானவர் பேச்சு எடுபடுமா?” என்று தயங்காதீர்கள். தெருவின் மாற்றம் முதலில் தெரிவது உங்களுக்குத்தான்.