அலை வருமுன் வேர் ஊன்றுவோம்!

(பிச்சாவரம் பகுதி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

நாம் கூடியிருக்கும் இந்த மண்ணிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவு. வெட்டவெளியில் கடலை ஒட்டியிருந்த குப்பங்களோ உருக்குலைந்தன. காடு அழிந்து கிடந்த இடங்களில் 1990களிலேயே வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டார்கள். அலை வந்த அன்று யாரும் மரம் நடவில்லை!

அந்த நாட்களில் வெள்ளாற்றின் வடகரையில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் என்ன செய்தது? வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு மதம் பாராமல் சோறும் தங்க இடமும் கொடுத்தது. எப்படி முடிந்தது? பணம் பல ஊர்களில் உண்டு. கூப்பிட்டால் வர ஆள் வேண்டும், பொறுப்பேற்க நிர்வாகம் வேண்டும், நிர்வாகத்தின் மேல் ஊருக்கு நம்பிக்கை வேண்டும். இவற்றை ஒரே நாளில் உண்டாக்க முடியுமா?

நம் நிலை என்ன? 2011இல் தானே புயல், வசூல். 2015இல் வெள்ளம், வசூல். ரமளான் வந்தால் ஒரே கடைக்கு ஒரே நாளில் நான்கு ரசீது புத்தகம்! கடைக்காரர் முகம் சுளித்தால் அவரைக் கஞ்சர் என்கிறோம். போன ஆண்டு அவர் கொடுத்தது எதற்குச் செலவானது என்று அவரிடம் யாராவது போய்ச் சொன்னோமா?

சிறுகச் சேர்ப்போம்

குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த வழி. 100 கடைக்காரர்கள் நாளொன்றுக்கு 10 ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 3,65,000 ரூபாய்! எவருக்கும் பாரமில்லை.

ஆனால் ஜகாத்தையும் பொது நன்கொடையையும் ஒரே பையில் போடாதீர்கள். ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் வரையறுத்துவிட்டது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அதில் இடமில்லை. ரசீதும் தனி, கணக்கும் தனி.

இன்னொரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமை உள்ள வளைகுடாச் சகோதரர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான்! மத்திய அரசின் அனுமதியில்லாமல் அமைப்பு அதை வாங்கக் கூடாது. ஆசைப்பட்டு வாங்கி வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கணக்கு ஓர் அமானிதம்

ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர், தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் நின்று கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். ஆகவே வசூலிப்பவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர், தணிக்கை செய்பவர் ஒருவர் என்று பிரியுங்கள். மாதந்தோறும் வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். கணக்குக் கேட்பவரைப் பகைக்காதீர்கள். அவர்தான் அமைப்பின் காவல்காரர்!

வாலிபர்களுக்குப் பொறுப்பு கொடுப்போம்

பேனர் கட்டவும் நாற்காலி போடவும் மட்டும் கூப்பிட்டுவிட்டு, "பையன்கள் வருவதில்லை" என்று குறைப்படுவது நியாயமா? ஆளுக்கொரு பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் இரத்த வகைப் பட்டியலை வைத்திருக்கட்டும். நள்ளிரவில் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீந்தத் தெரிந்தவர் யார், படகு ஓட்டுபவர் யார், தனித்து வாழும் முதியவர் எந்தத் தெருவில் என்று இன்னொருவர் எழுதி வைக்கட்டும். ஏழை வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது பெண்களுக்கே முதலில் தெரியும். அவர்களையும் ஆலோசனையில் சேருங்கள்.

கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் மதம் பாராமல் நல்லடக்கம் செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆம்புலன்ஸ் ஓட்டியும் இரத்தம் கொடுத்தும் பழகிய கைகள் அவை!

இந்த ஜும்ஆவிலேயே தொடங்குங்கள். முதலில் பழைய கணக்கை ஒட்டுங்கள், பிறகு புதிய உண்டியலை வையுங்கள். அடுத்த அலை நாள் குறித்துவிட்டு வராது.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பை ஏற்று அருள்வானாக! ஆமீன்.