தெருவுக்குக் கீழே ஒரு பாடம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைக் கருத்தாளர் என்று அறிமுகம் செய்தார்கள். உண்மையில் நான் இன்று பேசப்போவது, பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு என் மாணவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றி. ஆகவே இதை ஓர் அனுபவப் பகிர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்பு பற்றிய பாடம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "மாநகராட்சியின் பணிகள் யாவை?" என்று கேட்போம். குடிநீர் வழங்கல், சாலை பராமரிப்பு, தெருவிளக்கு, கழிவுநீர் அகற்றல், பிறப்பு இறப்புப் பதிவு என்று பிள்ளைகள் வரிசையாக எழுதுவார்கள். முழு மதிப்பெண் போடுவோம். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

ஒரு நவம்பர் மாதம். இரவெல்லாம் மழை. வட சென்னையில் இருக்கும் எங்கள் பள்ளியின் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அன்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், வாசல்ல நிக்கிற தண்ணிய யார் எடுக்கணும்? யாருகிட்ட போய்ச் சொல்லணும்?"

"மாநகராட்சி" என்றேன். "மாநகராட்சியில யாரு டீச்சர்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தப் பாடம் தெரியாது என்பது அன்றுதான் புரிந்தது.

ஒரே தெரு, பல பொறுப்பாளர்கள்

அந்த வாரமே ஏழெட்டு மாணவர்களுடன் பள்ளி இருக்கும் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் பிள்ளைகள் நோட்டில் குறித்தார்கள். பிறகு ஒவ்வொன்றும் யாருடையது என்று விசாரித்து எழுதினோம்.

தார்ச்சாலை, தெருவிளக்கு, ஓரத்தில் ஓடும் மழைநீர் வடிகால், குப்பைத் தொட்டி ஆகியவை மாநகராட்சியுடையவை. அதே சாலைக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. சிவப்பு நிற மின்பெட்டி மின்வாரியத்துடையது. தெருமுனையில் குறுக்கிடும் பிரதான சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. மழைநீர் கடைசியில் போய்ச் சேரும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறையின் பொறுப்பு.

பல நகரங்களில் குடிநீரை மாநகராட்சியே வழங்குகிறது. சென்னையில் அதற்குத் தனி வாரியம். பாடநூலில் ஒரே பட்டியலாக இருப்பது நம் தெருவில் நான்கைந்து அலுவலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இதைச் சொல்லித் தராவிட்டால், மனு எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் அதை எங்கே கொடுப்பது என்று தெரியாது.

மூடியைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். சாலை நடுவில் வட்டமான இரும்பு மூடி என்றால் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை. ஓரத்தில் செவ்வகக் கான்கிரீட் பலகை என்றால் மழைநீர் வடிகால். "வட்டமா ஏன் வச்சாங்க?" என்று ஒருவன் கேட்டான். கணித ஆசிரியரிடம் அனுப்பினேன். சதுர மூடியைத் திருப்பிப் பிடித்தால் மூலைவிட்ட வாக்கில் குழிக்குள் விழுந்துவிடும், வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் விழாது என்று அவர் அட்டையை வெட்டிக் காட்டினார்.

காணாமல் போன மூன்று படிகள்

எங்கள் பள்ளியிலேயே படித்த ஒரு மாணவனின் தாத்தா சொன்ன செய்தி எல்லாரையும் நிற்க வைத்தது. "நாங்க படிக்கிறப்போ மூணு படி ஏறித்தான் ஸ்கூலுக்குள்ள போவோம்" என்றார். இப்போது படியே ஏறாமல் அல்லவா உள்ளே போகிறோம்! படிகள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. சாலை மேலே ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயரும். ஒரு முறைக்கு 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பத்து முறையில் 40 செ.மீ. பிள்ளைகளே கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏறக்குறைய மூன்று படி. தாத்தாவின் கணக்கும் பிள்ளைகளின் கணக்கும் ஒத்துப்போயின. இதனால்தான் இப்போது பழைய மேற்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி எடுத்த பிறகே மறுதார் போட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். சாலை பளபளவென்று இருந்தால் மட்டும் போதாது. அதன் மட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாலையைக் கெடுப்பது எது?

"லாரி" என்று வகுப்பே சொன்னது. அது பாதிப் பதில். மீதிப் பதில் தண்ணீர். தார் கலவையைச் சூடாகக் கொண்டுவந்து, ஆறுவதற்குள் பரப்பி உருளையால் அழுத்துகிறார்கள். அதில் விரிசல் விழுந்து, மேலே தண்ணீரும் தேங்கினால், நீர் உள்ளே இறங்கி அடியிலுள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்கிவிடும். அதன் மேல் வண்டி ஏறும்போது பள்ளம் விழுகிறது. ஆகவே அடைபட்ட வடிகாலும் குண்டும் குழியுமான சாலையும் ஒரே நோய்தான். வடிகாலைத் தூர் வாராமல் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் அடுத்த மழையில் அதே இடத்தில் பள்ளம் விழும்.

சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் வடிகாலின் அடித்தளம் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மண் மேடிட்டாலும் பின்னால் வரும் நீர் நின்றுவிடும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே தூர் வாருகிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் பிள்ளைகளுக்கு மில்லிமீட்டர் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். எங்கள் மைதானம் சுமார் 1,000 சதுர மீட்டர். 5 செ.மீ. மழையென்றால் 50,000 லிட்டர். தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐந்துக்கும் மேல். ஒரு மைதானத்துக்கே இவ்வளவு என்றால் ஒரு வார்டுக்கு எவ்வளவு என்று வாயைப் பிளந்தார்கள்.

வாசலில் நீர் உள்ளிறங்கும் குழியைக் குச்சியால் கிளறியபோது மேலே வந்தவை என்ன தெரியுமா? எங்கள் பள்ளி வாசல் கடையில் விற்கும் தின்பண்டங்களின் காலி உறைகள். யாரும் யாரையும் திட்டவில்லை. மறுநாள் முதல் கடைக்காரரே ஒரு அட்டைப்பெட்டி வைத்தார்.

இன்னொன்றும் அறிந்தோம். மழையில் தெரு நிரம்பினால், தண்ணீர் வடியட்டும் என்று சிலர் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் வீட்டுக் கழிவுநீருக்கான அளவில் போடப்பட்டது. மழைநீரும் சேர்ந்தால் உந்து நிலையத்தால் இறைக்க முடியாமல் தாழ்வான வீடுகளின் கழிவறை வழியாகக் கழிவுநீர் மேலே வரும். தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி தெரியாமல் ஆள் விழவும் கூடும். இதை நம் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால் உயிர்கூடத் தப்பும்.

மனு போன வழி

பிள்ளைகள் மனு எழுதினார்கள். முதலில் போன அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லை" என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். இரண்டு முறை திரும்பி வந்தோம். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாணவன்தான், "டீச்சர், எந்த மூடின்னு போட்டோ எடுத்துக் காட்டலாமே" என்றான். செவ்வகப் பலகை, நீர் இறங்கும் குழி, பக்கத்து மின்கம்பத்தின் எண், தண்ணீர் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எழுதினோம். 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணிலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டோம். இம்முறை வார்டுப் பொறியாளர் வந்து பார்த்தார்.

அவரிடம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளால் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு வேலை நடக்க வேண்டுமானால் முதலில் மதிப்பீடு, பிறகு அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. வேலை முடிந்ததும் நீளம், அகலம், ஆழம் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் பணம். "அப்போ நீங்களும் டேப் வச்சு அளந்து நோட்டுல எழுதுவீங்களா சார்?" என்று ஒரு சிறுமி கேட்க, அவர் சிரித்துவிட்டார். அளவைகள் பாடம் எதற்கு என்று அவள் அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 200. இவ்வளவு பெரிய ஊரில் எங்கே அடைத்திருக்கிறது என்று ஓர் அலுவலகம் தானாக அறிய முடியாது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டு அவர்கள் செய்ய வேண்டும். 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கென 18 பணிகளைப் பட்டியலிட்டு 1993இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியல் வாசலுக்கு வர நடுவில் ஒரு குடிமகன் தேவைப்படுகிறான்.

நான் செய்த தவறு

தூர் வார ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்தார்கள். ஒரு மாணவன் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. நான் யோசிக்காமல், "நீ ஏன் பார்க்க வரல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வந்தவர்களில் ஒருவர் அவனுடைய அப்பா. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று இருந்தது.

ஐந்து மதிப்பெண் பட்டியலில் "கழிவுநீர் அகற்றல்" என்று இத்தனை ஆண்டு எழுதவைத்தேன். அகற்றுபவர் யார் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. அந்தப் பையன் தன் அப்பாவை என் வகுப்பறையில் மறைக்க வேண்டியிருந்ததற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

மாலையில் அவரைத் தனியே பார்த்தேன். "அண்ணா, உங்க வேலையைப் பத்திப் பிள்ளைங்களுக்குச் சொல்ல முடியுமா?" என்றேன். "பையன் சரின்னா வர்றேன் டீச்சர்" என்றார். பையன் சம்மதிக்க இரண்டு வாரம் ஆனது. வந்தவர் அரை மணி நேரம் பேசினார். மூடியைத் திறந்த உடனே ஏன் கிட்டப் போகக் கூடாது, அடைப்பு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னார். அறிவியல் ஆசிரியர் எழுந்து, ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும், அதனால்தான் அது உயிரைப் பறிக்கிறது என்று விளக்கினார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவற்றையும் அன்றே வகுப்பில் பேசினோம். கேள்வி நேரத்தில் முதல் கையை உயர்த்தியவன் அவருடைய மகன்தான். "அப்பா, உங்களுக்குக் கையுறை குடுத்திருக்காங்களா?" என்று கேட்டான். "சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது" என்று அவர் உண்மையைச் சொன்னார்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று, பள்ளித் தெருவின் வரைபடம். மூடிகள், கம்பங்கள், குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலகம். சாலையோரமாக, ஆசிரியர் துணையுடன் மட்டும் செல்லுங்கள். எந்த மூடியையும் பிள்ளைகள் தொடக் கூடாது. இரண்டு, பராமரிப்பு நாட்காட்டி. தூர் வாரிய நாள், விளக்கு எரியாத நாள், புகார் எண், சரியான நாள். மூன்று, பணியாளருடன் ஒரு சந்திப்பு. அவருடைய பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். எனக்கு நேர்ந்த தவறு உங்களுக்கு நேர வேண்டாம்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மழையில் வாசலில் தண்ணீர் வந்தது. ஆனால் முழங்கால் அளவுக்கு இல்லை. கணுக்கால் அளவுதான், அதுவும் மதியத்துக்குள் வடிந்தது. சாலையின் உயரம் இன்னும் குறையவில்லை. அதற்கான மனுவை இந்த ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று படிகளும் திரும்பக் கிடைக்கும் வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு எழுதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.