கேட்கக் கூச்சப்படாதீர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் வியாபார நிர்வாகப் படிப்பைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று சிலர் யோசிப்பீர்கள். வைத்தியசாலையில் மருந்து தீர்ந்துபோவதும் இயந்திரம் திருத்தப்படாமல் கிடப்பதும் முகாமைத்துவக் குறைகள். அதனால்தான் நானும் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தேன். இப்போது எங்கள் தங்கைமார் சிலரின் விண்ணப்பங்களை வாசித்து உதவி வருகிறேன்.

புலமைப்பரிசில் என்றதும் எமக்கு ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டில் எல்லாம் அப்படியல்ல. ஹார்வர்ட் வணிகக் கல்லூரி புள்ளிக்காக உதவித்தொகை கொடுப்பதில்லை. வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்தே கொடுக்கிறது. வெளிநாட்டவருக்கும் அதே விதிதான். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்குப் பட்டத்துடன் 2 வருட வேலை அனுபவமும் வேண்டும்; படித்து முடிந்ததும் 2 வருடம் நாடு திரும்பியிருக்க வேண்டும். அது எம்.பி.ஏ. கட்டணத்தில் ஒரு வரம்பு வரைதான் தரும். மிச்சத்தை நாமே தேடவேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியூடாக யப்பான் அரசு 1988 முதல் வழங்கும் புலமைப்பரிசிலில் முகாமைத்துவமும் படிக்கலாம்.

விண்ணப்பிப்போருக்கு மூன்று விடயங்கள் சொல்வேன்.

முதலாவது, முந்துங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு மூன்று சுற்றுகளாக விண்ணப்பம் ஏற்கும். கடைசிச் சுற்றில் உதவிப்பணம் குறைந்துவிடும். விசாவுக்கும் நேரம் போதாது.

இரண்டாவது, "நான்" என்று எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் "எமது குழு செய்தது" என்று அடக்கமாக எழுதிவிடுவார்கள். அதில் நீங்கள் செய்தது எது என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். சிபாரிசுக் கடிதமும் ஊர்ப் பிரமுகரிடம் வேண்டாம். உங்கள் வேலையை நேரில் பார்த்த மேலதிகாரியிடம் வாங்குங்கள்.

மூன்றாவது, கேளுங்கள். 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. 40,000 டொலர் கட்ட இருந்த ஒருவருக்கு 80 இலட்சம், ஒரு கோடியே 44 இலட்சமாகியது. அப்போது பாதிப் புலமைப்பரிசில் கிடைத்திருந்த ஒரு தங்கை, இடத்தையே வேண்டாம் என்று எழுத இருந்தாள். "வேண்டாம் என்று எழுதும் கையால் நிலைமையை விளக்கி எழுது பிள்ளை" என்றேன். நாணய மாற்று விபரத்தையும் வீட்டு வருமானத்தையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாள். தொகையைக் கூட்டிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கூட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரியாதையாகக் கேட்டதற்காக ஒருவரின் இடத்தைப் பறித்ததை நான் கண்டதில்லை.

அந்தத் தங்கைக்கு அன்று தேவைப்பட்டது, இப்படியும் கேட்கலாம் என்று சொல்ல ஒரு ஆள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் எங்களில் எத்தனையோ பேருக்கு இது தெரியும். ஒரு கட்டுரையை வாசித்துப் பாருங்கள். நேர்முகத் தேர்வுக்கு முன் ஒருமுறை கேள்வி கேட்டுப் பழக்குங்கள். முதல் கிழமை தங்க ஓர் அறை கொடுங்கள். சங்கம் ஒரு பெயர்ப்பட்டியல் தொடங்கினால் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.