கடைசியில் நிற்பவருக்கு முதல் வாய்ப்பு

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிப்பேர் மஞ்சள் சட்டைக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்களுக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 2025 டிசம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் சென்னை அணி இரண்டு இளைஞர்களை எடுத்தது. ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், இன்னொருவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா. இருவருமே இந்திய அணிக்கு ஆடாதவர்கள். அடிப்படை விலை தலா 30 லட்சம். அணி கொடுத்ததோ தலா 14 கோடியே 20 லட்சம்.

அன்று இரவே நம் ஆட்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எதிர்கால நட்சத்திரம் என்றது ஒரு கூட்டம். காசைக் கரியாக்கிவிட்டார்கள் என்றது இன்னொரு கூட்டம். அந்தப் பையன்கள் ஆடிய ஒரு முழு ஆட்டத்தையாவது பார்த்தவர்கள் இரண்டு கூட்டத்திலும் எத்தனை பேர்?

ரசிகர் என்றால் தீர்ப்புச் சொல்லத்தான் செய்வார். அது விளையாட்டின் சுகம், அதை நான் கெடுக்க வரவில்லை. எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்று மட்டும் கேட்க வந்திருக்கிறேன். ஏனென்றால் புதுமுகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் எடுக்கும் தராசும், இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது நம் எதிரிகள் எடுக்கும் தராசும் பல நேரம் ஒன்றாக இருக்கிறது. அதில் 'தகுதி' என்று எழுதியிருக்கிறது.

நம் மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் சின்னப்பம்பட்டி. நடராஜனின் அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கடை போட்டவர். இருபது வயதுவரை அவர் வீசியது டென்னிஸ் பந்து. ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் ஒருவர் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். 2015 தொடக்கத்தில் ரஞ்சியில் முதல் ஆட்டம். உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்றார்கள். கையை மாற்றிப் பழகித் திரும்பி வந்தார். டிஎன்பிஎல்லில் யார்க்கர் போட்டார். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணி அவரை எடுத்தது.

அந்தப் பருவத்தில் 6 ஆட்டம், 2 விக்கெட். தீர்ப்பு தயாராகிவிட்டது. உள்ளூர்ப் போட்டியை நம்பி இவ்வளவு பணம் கொடுத்தீர்களா என்று தன்னையே கேட்டார்கள் எனப் பஞ்சாப் அணியின் பொறுப்பில் இருந்த சேவாக் பின்னாளில் சொன்னார். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவமும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

2020இல் அதே ஆள் 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்.

2017இல் இருந்த கைதான் 2020இலும் இருந்தது. நடுவில் தேவைப்பட்டது காத்திருக்கும் வசதி. அந்த வசதி எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. பயிற்சிக் கட்டணமும், நல்ல மட்டையும், 'இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று சொல்லும் அப்பாவும் உள்ள பையனுக்கு ஒரு தோல்வி வெறும் தோல்விதான். கூலி வீட்டுப் பையனுக்கு அதுவே கடைசிப் பேருந்தாகிவிடலாம்.

இதே விஷயத்தை அமெரிக்காவில் வைத்துப் பார்ப்போம். அங்கே பேஸ்பாலில் பள்ளி, கல்லூரி மாணவர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்பார்கள். 1965இல் வந்த முறை. அதற்கு முன்பு பணக்கார அணிகள் பெரிய தொகையைக் காட்டி நல்ல பையன்களை அள்ளிக்கொண்டு போயின. அதைத் தடுக்க ஒரு விதி செய்தார்கள். போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் தேர்வு, ஜெயித்த அணிக்குக் கடைசித் தேர்வு. அண்மையில் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் வந்தது. அதிலும் அதிகம் தோற்ற அணிகளுக்கே வாய்ப்பு கூடுதல்.

பையன்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கும் முதலாளிகளின் கணக்கும் இதில் இருந்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையைக் கவனியுங்கள். கைவிட்டால் முன்னால் இருப்பவர் முன்னாலேயே இருப்பார். போட்டி நியாயமாக நடக்க வேண்டுமானால் பின்னால் இருப்பவருக்கு முதலில் வழிவிட வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரம் தன் விளையாட்டுக்கு வைத்திருக்கும் விதி இது. 'ஜெயித்த அணியின் தகுதியைப் பறிக்கிறார்கள்' என்று அங்கே யாரும் நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து அழவில்லை.

அதே டிராஃப்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1988இல் மைக் பியாசா என்ற இளைஞர் 62ஆவது சுற்றில் 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். எந்த அணிக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. எடுத்த அணியின் மேலாளர் அவருடைய அப்பாவின் நண்பர், அந்த உறவுக்காக எடுத்தார்கள். அவர்தான் 2016இல் பேஸ்பாலின் புகழரங்கில் இடம்பிடித்தார். 'கடைசியில் எடுத்தவரும் சாதிப்பார், பாருங்கள்' என்று இதைச் சொல்வார்கள். எனக்குக் கேட்பது வேறு. அப்பாவுக்கு அப்படி ஒரு நண்பர் இல்லாத பையன்கள் என்ன ஆனார்கள்?

நம் நாட்டில் அந்த 'அப்பாவின் நண்பர்' யார்? சாதிதான். எந்த ஊரில் மைதானம், யார் தெருவுக்குப் பக்கத்தில் மைதானம், யார் போனால் பந்தைக் கையில் கொடுப்பார்கள், தேர்வாளர் யாருக்குத் தெரிந்தவர் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது.

'இது வறுமைப் பிரச்சினைதானே, சாதி எங்கே வந்தது?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்தி. முதலாவது, பல்வங்கர் பாலு. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளையர் மைதானத்தில் வேலைக்காரராகத் தொடங்கியவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவர் வீசும் பந்து இந்து அணிக்கு வேண்டியிருந்தது. ஆனால் இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, தனிக் குவளையில். அணித்தலைவர் பதவி கடைசிவரை இல்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

இரண்டாவது, 2023 ஜூன். குஜராத்தின் படான் மாவட்டம், காகோஷி கிராமம். கிரிக்கெட் நடக்கும்போது உருண்டு வந்த பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்தான். அதில் தொடங்கிய சண்டையில் அவனுடைய உறவினர் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். ஏகலைவன் கதை என்று தனியாக ஏன் படிக்க வேண்டும்? பந்தைத் தொடுவதற்கே இந்த விலை என்றால், அந்த ஊரிலிருந்து ஒரு பெயர் ஏலப் பட்டியலுக்கு வந்து சேர எத்தனை கட்டைவிரல் தப்ப வேண்டும்?

மாற்று இருக்கிறதா? இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மகாயா நிட்டினி மாடு மேய்த்த கிராமத்துப் பையன். வளர்ச்சித் திட்டம் ஒன்று அந்தக் கிராமத்துக்கே போய் அவரைக் கண்டெடுத்தது. டெஸ்டில் 390 விக்கெட் எடுத்தார். 2016இல் அந்த நாட்டு வாரியம் தேசிய அணிக்கு இலக்கு வைத்தது: ஒரு பருவத்தின் சராசரியில் பதினொருவரில் ஆறு பேராவது வெள்ளையரல்லாதவர், அதில் இருவராவது கறுப்பின ஆப்பிரிக்கர். தரம் போய்விடும் என்று புலம்பினார்கள். டெம்பா பவுமாவைக் 'கோட்டா ஆள்' என்றார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பைத் தூக்கிய அணியின் தலைவர் அதே பவுமா. அந்த ஆட்டத்தில் ரபாடா எடுத்தது 9 விக்கெட்.

தோழர்களே, அடுத்த ஏலத்தன்றும் நீங்கள் தீர்ப்புச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். அதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பையன் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தான்? தோற்றால் இவனுக்கு எத்தனை வாய்ப்பு தருவார்கள், பக்கத்தில் இருப்பவனுக்கு எத்தனை? இந்தப் பட்டியலுக்கே வராமல் போனவர்கள் யார்?

மூன்றாவது கேள்விக்குத் தொலைக்காட்சியில் விடை கிடைக்காது. இந்த ஃபேர்லேண்ட்ஸில் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் உண்டு. நம் ஊர்ச் சேரிப் பையன்கள் ஆட எத்தனை மைதானம் உண்டு? நடராஜன் தன் சம்பாத்தியத்தில் 2023இல் சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் திறந்தார். பாராட்டுவோம். ஆனால் ஒரு வீரர் சொந்தக் காசில் கட்டினால்தான் ஒரு கிராமத்துக்கு மைதானம் கிடைக்கும் என்றால், அரசும் கிரிக்கெட் சங்கமும் எதற்கு? ஒவ்வொரு ஒன்றியத்திலும் எல்லாத் தெருவுக்கும் பொதுவான மைதானம் வேண்டும், ஊருக்கு வந்து தேர்வு நடத்த வேண்டும் என்று மனு எழுதுவோம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். தாளைச் சுற்றுக்கு விடுங்கள்.