எட்டுப் போடும்போது கண் எங்கே இருக்கிறது?

சென்ற முறை இருசக்கர வாகன லைசென்ஸ் பரீட்சையைப் பற்றிப் பேசிய பிறகு வந்து சேர்ந்த கேள்விகளை நேற்று இரவு உட்கார்ந்து வாசித்தபோது, அவற்றில் பாதிக்குமேல் ஒரே வேதனையைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லுகின்றன என்று கண்டேன்: தெருவில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன், எட்டுப் போடும்போது மாத்திரம் கால் ஊன்றிவிடுகிறேன். இதற்கு முன்பே பதில் சொன்னேன். மனத்தில் பதியும்படி சொல்லவில்லை போலும். ஆகையால் மறுபடியும் சொல்லுகிறேன். குறை உங்கள் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. நீங்கள் முன்சக்கரத்தைப் பார்க்கிறீர்கள்.

இதை நான் புஸ்தகத்தில் கற்கவில்லை. உழைக்கும் மகளிர் ஸ்கூட்டர் வாங்குவதற்கு விலையில் பாதி, அதிகபட்சமாக 25,000 ரூபாய், மானியம் கொடுத்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கப்பட்டதே, அந்தச் சமயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மனுச் செய்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று நிபந்தனை இருந்தபடியால், அதற்கு முந்திய வாரங்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் வாசல்களில், அதுவரை பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நம்பியே காலந்தள்ளிய பெண்கள் கையில் விண்ணப்பமும் நெஞ்சில் பயமுமாக வரிசை வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் லைசென்ஸ் எடுத்து, சட்டம் சொல்லும் 30 நாள் கழிந்து, பரீட்சைக்குப் போனேன். முதல் வளையம் நன்றாகவே சென்றது. இரண்டாவது வளையத்தில், கோட்டை மிதித்துவிடுவோமோ என்று குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். அடுத்த கணம் என் இடது கால் தரையில் இருந்தது. ஏழு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, ஆயுள் முழுவதும் கரிசல் காட்டில் ஏர் பிடித்த என் பெரியப்பா, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் தாயி, ஏர் பிடிக்கிறவன் கொழுவைப் பார்த்துக்கிட்டா உழுவான்? எதிர்த்த வரப்பைப் பார்த்துல்ல உழுவான். கொழுவைப் பார்த்தா படைச்சால் கோணிப்போகும்" என்றார். அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர்கூட அல்லர். ஆயினும் ஒரு வார காலமாக எனக்குச் சொல்லிக்கொடுத்த எவரும் சொல்லாத விஷயத்தை அவர்தான் சொன்னார்.

அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போகும் வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து நிற்கும். மனிதன் நடக்கிற வேகத்துக்கு அது இறங்கிவிட்டால், நீங்கள் ஹாண்டில்பாரை இம்மி இம்மியாகத் திருப்பித் திருப்பித்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறீர்கள். தெருவில் ஓட்டுகிறவர் எட்டில் தடுமாறுவது இதனால்தான். அந்த நிலையில் தலை குனிந்தால் தோள் தாழ்கிறது, பாரம் உள்பக்கம் சாய்கிறது, ஹாண்டில் வேண்டியதற்கு மேல் மடங்குகிறது, வண்டி விழப் பார்க்கிறது, பயத்தில் கால் இறங்குகிறது. வளைவுக்குள் நுழையும்போதே முகவாயைத் தூக்கி, அந்த வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தீர்களானால், தோளும் கையும் உங்களைக் கேளாமலே அந்தத் திசையில் திரும்பும். நடுவில் கோடுகள் குறுக்கிடும் இடத்துக்கு வருமுன்பே கண் அடுத்த வளையத்துக்குப் போயிருக்க வேண்டும்.

இனி கை. ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே செல்லுங்கள். முறுக்குவதும் விடுவதுமாக இருந்தால் வண்டி துள்ளும். 2019-க்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டு பிரேக்கும் இணைந்திருப்பதால், ஸ்கூட்டரின் இடது கைப்பிடியை அழுத்தினால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிபடும். ஆகவே அதைத் தொடுவதோடு நிறுத்துங்கள். ஹாண்டில் மடங்கியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்கவே கூடாது. கியர் வண்டியாயிருந்தால் முதல் கியர், பாதி கிளட்ச்.

பழகுவதற்கு நம் ஊரில் களத்தைவிட நல்ல இடம் இல்லை. கோலமாவினால் எட்டு வரைந்து, நடுவில் இரண்டு பழைய செருப்புகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கல் வைக்காதீர்கள், ஏறினால் சறுக்கும். முதல் நாள் பெரிய எட்டு. தினமும் சிறிது சுருக்கிக்கொண்டே வந்து, பரீட்சைத் திடலில் இருப்பதைவிடச் சிறியதைப் போடப் பழகிய பிறகு அங்கே போனால் அந்தத் திடல் விசாலமாகத் தோன்றும். ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் வண்டியை இறக்காதீர்கள். மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுழலவிடாது.

சைக்கிளே தெரியாது, நேராக ஸ்கூட்டர் கற்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கற்கலாம், ஆனால் ஒரு வாரம் சைக்கிளில் செலவிட்டால் பின்னால் ஒரு மாதம் மிச்சம். வயதாகிவிட்டதே என்ற கூச்சம் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, குவாரிகளில் கல் உடைத்த பெண்களும் குழந்தை குட்டிகளைப் பெற்ற தாய்மார்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைக் காரியரில் கட்டிக்கொண்டு யாருடைய துணையும் இன்றி அவர்கள் போய்வந்தார்கள். இன்று நம் அருப்புக்கோட்டைப் பக்கம், துணையின்றிப் போய்வர வேண்டிய அந்த அவசியம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023-ல் ஏற்பாடாயிற்று. அங்கே ஷிப்டு முடிகிற நேரத்தில் பஸ் கிடைக்கும் என்று எந்தப் பெண்ணும் காத்திருக்க முடியாது.

எக்ஸெல் மொபெட்டில் டெஸ்ட் கொடுத்தால் ஸ்கூட்டர் ஓட்டலாமா? ஓட்டலாம், இரண்டும் கியர் இல்லாத வகை. கியர் வண்டிக்கு அது செல்லாது. பாட்டரி வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமா? 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் உடையதற்கு வேண்டாம். நம்பர் பிளேட் உள்ளதற்கு அவசியம் வேண்டும்.

பதினாறு வயதுப் பையனுக்கு லைசென்ஸ் எடுக்கலாமா என்று மூன்று தந்தையர் கேட்டிருக்கிறீர்கள். 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே அந்த வயதில் கிடைக்கும். உங்கள் வீட்டில் நிற்பது அதுவன்று. பையன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் சட்டத்தில் இருக்கின்றன. எனக்கு அபராதத்தைப் பற்றிக் கவலை இல்லை. தூத்துக்குடிச் சாலையில் கனரக லாரிகள் போகிற வேகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே பையனிடம் சாவியைக் கொடுக்கிறீர்களே, அதுதான் என் மனத்தை அறுக்கிறது. பதினெட்டு ஆகட்டும்.

எட்டே போடாமல் லைசென்ஸ் வாங்கித் தரும் ஆள் இருக்கிறாராம். பணம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. களத்தில் நடை வேகத்தில் வண்டியைத் தாங்க இயலாதவர், சாலையில் காயப்போட்ட சோளத்தின்மீது எதிரில் பஸ் வரும்போது எப்படித் தாங்குவார்?

பரீட்சை நாளில் எல்.எல்.ஆர்., வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஹெல்மெட் ஆகியவற்றை முதல் நாள் இரவே ஒரு பையில் எடுத்து வையுங்கள். பழகிய வண்டியையே கொண்டுபோங்கள். அண்ணன் வண்டி புதிதாயிருக்கிறதே என்று அதை வாங்கிக்கொண்டு போய்த் தோற்றவர்களை நான் அறிவேன். தோற்றால் உலகம் முடிந்துவிடவில்லை. ஏழு நாளில் மறுபடி போகலாம், மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். அங்கே உங்கள் முறை வரும்வரை மற்றவர்களின் கண்ணை மாத்திரம் கவனியுங்கள். யார் குனிகிறாரோ அவர் கால் ஊன்றுவார்.

கடைசியாக, ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட எக்ஸெல் ஓட்ட ஆசை, இனிமேல் கொடுப்பார்களா என்று எழுதியிருக்கிறார். கொடுப்பார்கள், ஐயா. நாற்பதைக் கடந்தவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். உங்கள் வயதில் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எழுத்தாக 'எல்' பலகை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் களத்துக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள், ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். கோலமாவு நான் கொண்டுவருகிறேன்.