பாலத்துக்கு மேல ஒரு பாலம்

இன்னிக்கு பழைய கோட் பத்திப் பேசப் போறோம். ஆனா ஒரு கல் பாலத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆன்சைட்டுக்காக இங்கிலாந்துல, லீட்ஸ் நகரத்துல இருந்தப்போ ஒரு தப்பு பண்ணேன். பழைய பில்லிங் மாட்யூல் ஒண்ணு. எழுதினவங்க யாரும் டீம்ல இல்ல. "தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதலாம்"னு அடம்பிடிச்சு எழுதியும் முடிச்சேன். ரிலீஸ் ஆன ராத்திரியே பழைய வாடிக்கையாளர்களோட பில் எல்லாம் தப்பா வந்துச்சு. நான் குப்பைன்னு அழிச்ச நாலு வரி, அவங்களுக்காகவே எழுதினது! ரோல்பேக் பண்ணிட்டு, முகம் தொங்கிப் போய் வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை ட்ரெயின் பிடிச்சு கார்கிரேவ்ல இறங்கி, லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய்க் கரையோடவே நடந்தேன். 127 மைல் நீளமான கால்வாய் அது. 1770ல் வேலை ஆரம்பிச்சு, 1816லதான் முழுப் பாதையும் முடிஞ்சது. அந்தக் காலத்துல கரையில நடக்கிற குதிரைதான் கயிறு கட்டி படகை இழுக்கும்.

ஈஸ்ட் மார்ட்டன் கிராமத்துல அப்படியே நின்னுட்டேன். 161ஆம் எண் பாலம். கீழ ஒரு கல் வளைவு, அதுக்கு மேல இன்னொரு வளைவு, நடுவுல வெறும் காத்து!

கதை இதுதான். முதல்ல சாலை பள்ளத்துல இறங்கி, கீழ் வளைவைத் தாண்டி, திரும்ப மேடு ஏறும். குதிரை வண்டிக்கு அது போதும். பின்னாடி சாலையை மட்டப்படுத்தணும்னு வந்தப்போ பாலத்தோட உயரம் பத்தல. பழசை இடிக்கல. அதுக்கு மேலயே இன்னொரு வளைவைக் கட்டிட்டாங்க. இன்னிக்கு ஏ59 நெடுஞ்சாலை மேல் வளைவுல போகுது. படகு ரெண்டுக்கும் கீழ போகுது.

பழசை எல்லாம் அப்படியே வச்சுக்கணும்னு நான் சொல்லல. கீழ் வளைவுல இன்னிக்கு வண்டி எதுவும் போறதில்ல. ஆனா அது எதுக்கு அங்க இருக்குன்னு தெரிஞ்சவங்கதான் அதுக்கு மேல கட்டினாங்க. நான் அந்தக் கேள்வியைக்கூடக் கேக்கல.

திங்கட்கிழமை அந்த நாலு வரியைத் திரும்பச் சேர்த்தேன். பக்கத்துல ஏன்னு ஒரு கமென்ட்டும் எழுதினேன்.

நீங்க காரணம் தெரியாம அழிச்ச வரி எது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.