கண்ணில் தெரியும் நோய், கையில் இருக்கும் காரணம்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஏறினால் நான் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று கண் இமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடைசியில் அதுவும் சம்பளத்தில்தான் போய் நிற்கும்.

போன வருடம் என் அம்மாவுக்கு இரண்டு கண் இமைகளும் சிவந்து வீங்கின. அரிப்புத் தாங்க முடியவில்லை. தோல் காய்ந்து செதில் செதிலாக உரிந்தது. லயத்தில் எல்லோரும் கண் நோய் என்றார்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளை எங்கள் வாசல் பக்கமே விடவில்லை. டவுனுக்குப் போனால் ஒரு பேர் போய்விடும் என்று அம்மா மூன்று வாரம் அப்படியே மலைக்குப் போனார். யாரோ சொன்னதைக் கேட்டு, படைக்குப் பூசும் டியூப் ஒன்றைக் கடையில் வாங்கிப் பூசினார். நான்கு நாளில் சுகமானது. நிறுத்திய ஒரே வாரத்தில் முன்பை விட மோசமாக வந்தது.

கடைசியில் வைத்தியசாலையில் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வைத்தியர் கண்ணைப் பார்த்துவிட்டு, "கையைக் காட்டுங்கள் அம்மா" என்றார். கொழுந்து பறிக்கும்போது விரல் வெட்டாமலிருக்க அம்மா பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி விரலில் மாட்டுவார். கறுப்பு ரப்பரில் கலந்திருக்கும் சில இரசாயனங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அந்த விரலாலேயே வியர்வையைத் துடைப்பது, கண்ணைக் கசக்குவது. முப்பது வருடம் உழைத்துக் காய்த்துப்போன கை தாங்கிக்கொண்டது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத இமைத் தோலால் தாங்க முடியவில்லை.

இதற்குப் பெயர் எக்சிமா. இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொற்றும் கண் நோயில் கண்ணின் வெள்ளைப் பகுதி சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். எக்சிமாவில் இமைத் தோல்தான் சிவந்து, காய்ந்து, அரிக்கும். ஆகவே எக்சிமா என்று வைத்தியர் சொன்ன பிள்ளையை வகுப்பில் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆசிரியையாக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரப்பர் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். தலைக்கு அடிக்கும் டை, நகப்பூச்சு, வாசனைச் சோப்பு, தலைவலித் தைலம், முகம் வெளுக்கப் பூசும் கிரீம், நுளம்புச் சுருள் புகை, மருந்து அடிக்கும்போது காற்றில் வரும் தூவல், இவற்றில் எதுவும் காரணமாகலாம். சிறு வயதிலிருந்தே இழுப்பும் தோல் அரிப்பும் உள்ளவர்களுக்கு இது சுலபமாக வரும். டை அடித்தது தலையில், வீங்குவது இமை. அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. கிளினிக் போகும்போது நீங்கள் பூசுவது, கழுவுவது, கையில் மாட்டுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வைத்தியருக்கு அதுவே பாதி வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை இவை. சந்தேகமான பொருட்களை எல்லாம் நிறுத்துங்கள். முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குளிர்ந்த சுத்தமான ஈரத்துணியைச் சிறிது நேரம் வையுங்கள். வாசனை இல்லாத வெசலினை மெல்லியதாகப் பூசலாம். தைலம், எலுமிச்சை, மஞ்சள் எதுவும் இமையில் வேண்டாம். பொருளை நிறுத்திய மறுநாளே சுகமாகாது. அம்மாவுக்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆனது. இப்போது விரலில் பருத்தித் துணி சுற்றிக்கொள்கிறார்.

கடை டியூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீரொயிட் இருக்கிறது. இமையில் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும், கண்ணின் அழுத்தம் கூடும், கண் புரையும் வரலாம். வைத்தியரும் ஸ்டீரொயிட் கொடுப்பார்தான். ஆனால் வீரியம் குறைந்ததை, எத்தனை நாள் என்று கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அந்தக் கணக்கைத் தாண்டாதீர்கள்.

கண்ணுக்குள் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருந்துத் தண்ணீர் கண்ணில் பட்டால், முதலில் சுத்தமான தண்ணீரை 15 நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு புறப்படுங்கள்.

இனி நமது பக்கம். கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடு என்று சொல்வது எளிது. மலையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அதனால் தோட்டக் கமிட்டி துரையிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். ஒன்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீரும் சோப்பும். இரண்டு, மருந்து அடிப்பவர்களுக்குக் கண்ணாடி, கையுறை, முகக் கவசம், அத்துடன் அடிக்கும் மருந்தின் பெயர். கையுறை எவருக்காவது ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வகை கொடுக்க வேண்டும். மூன்று, வைத்தியரின் துண்டோடு கிளினிக் போகிறவரின் பேரை வெட்டக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இமை வீங்கினால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய், என்ன வேலை செய்தபோது வந்தது என்பதையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்கு மட்டுமல்ல, வேலையால் வரும் சில நோய்களுக்கும் உரியது. நமது நோய் அதில் அடங்குமா என்று வாதாடுவதற்கே முதலில் எழுத்தில் ஒரு பதிவு வேண்டும். அம்மாவின் மூன்று வாரத்திற்கு எங்கும் ஒரு வரிகூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் கடிதத்தை வாசிப்பேன். கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.